கட்டுத்தரை ஜெர்சியும் கம்பெனி ஜெர்சியும்

என் அக்கா மகன் திருப்பூரில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவன் அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன கோடை விடுமுறையில் ஒரு ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவன் அப்பாவுக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்தார்.

"சிங்கிள் ஜெர்சி நாலு ரோல் வந்துருச்சுங்ணா. மீதி நாளைக்குத்தானாமா. ஓரமெல்லாம் நல்லாச் சுருளுதுங், பாத்துத்தான் வெட்டோணும்."

பையன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. இரண்டு நாள் முன்புதான் காங்கேயம் பக்கத்திலிருக்கும் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டிலிருந்து திரும்பியிருந்தான். அங்கே ஜெர்சி கன்று போட்டிருந்தது. ஆசை தீரச் சீம்பால் தின்றுவிட்டு வந்தவன்.

"ஏனுங் மாமா, ஜெர்சியைச் சுருட்டி ரோலாவா கொண்டு வருவாங்க? அப்புறம் எதுக்குங் வெட்டறாங்க?"

வீடே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் வயதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. கேட்டால் சிரிப்பார்களே என்று கேட்காமலே பெரியவனாகிவிட்டேன். கட்டுத்தரையில் நிற்பது மாடு, கம்பெனியில் கிடப்பது துணி, இரண்டும் வேறு வேறு என்று அவனுக்கு விளக்கினேன். அவன் விடவில்லை.

"செரிங் மாமா. அப்போ மொதல்ல எது? மாட்டுப் பேரைத் துணிக்கு வெச்சாங்களா, துணிப் பேரை மாட்டுக்கு வெச்சாங்களா? மாட்டு முடியில நூல் எடுப்பாங்களா?"

மாட்டு முடியில் நூல் எடுப்பதில்லை. மாட்டின் பெயர் துணிக்குப் போகவும் இல்லை, துணியின் பெயர் மாட்டுக்கு வரவும் இல்லை. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாய் ஒரு தீவு.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது. அதில் பிரான்சின் கரையிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி ஜெர்சி என்ற தீவு கிடக்கிறது. பரப்பு 120 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் திருப்பூர் மாநகராட்சியின் எல்லையே அதைவிடப் பெரிது. அக்கம்பக்கத்தில் இன்னும் சில தீவுகள் உண்டு: கெர்ன்சி, ஆல்டர்னி. பெயர்களின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். எல்லாம் 'இ' என்று முடிகின்றன. வடக்கேயிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகளின் பழைய மொழியில் தீவைக் குறிக்கும் சொல்தான் அந்த வால். அனுப்பர்பாளையம், ராக்கியாபாளையம் என்று நம் ஊர்ப் பெயர்களுக்கும் 'பாளையம்' என்ற வால் இருக்கிறதே, அது மாதிரி.

அந்தச் சின்னத் தீவில் 16-ஆம் நூற்றாண்டில் ஒரு பித்துப் பிடித்தது. பின்னல் பித்து. கம்பளி நூலை ஊசிகளில் மாட்டிக் காலுறை பின்னுவது, சட்டை பின்னுவது. பெண்கள், ஆண்கள், பிள்ளைகள் எல்லோரும் பின்னினார்கள். நூலுக்கு வேண்டிய கம்பளி தீவில் போதவில்லை, இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். பின்னியதை வெளியே விற்றால் நல்ல காசு கிடைத்தது. அதனால் வயலுக்குப் போக ஆளில்லை. அறுவடை அப்படியே நின்றது. வயலுக்கு உரமாகக் கடற்பாசி அள்ளும் வேலையும் கிடந்தது. கடைசியில் 1608-ஆம் ஆண்டு தீவின் அதிகாரிகள் ஒரு சட்டம் போட்டார்கள். அறுவடைக் காலத்திலும் பாசி அள்ளும் காலத்திலும் 15 வயதுக்கு மேற்பட்டவர் யாரும் பின்னக் கூடாது! மீறினால் சிறை.

பனியன் கம்பெனிக்கு எல்லோரும் போய்விட்டதால் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அம்மாயி அடிக்கடி புலம்புவார். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்சித் தீவில் இருந்த அம்மாயிகளும் அதையேதான் புலம்பியிருக்க வேண்டும்.

ஓர் ஊரின் பெயர் எப்படி ஒரு பொருளின் பெயராகிறது? இதற்குப் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பேச்சில் நாம் சோம்பேறிகள். முதலில் 'ஜெர்சித் தீவில் பின்னிய கம்பளி' என்று முழுசாகச் சொல்லியிருப்பார்கள். பிறகு 'ஜெர்சிக் கம்பளி'. சந்தையில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லவேண்டி வந்தால் நாக்கு தானாகவே பாதியை உதிர்த்துவிடும். மிஞ்சுவது 'ஜெர்சி'. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் "ஒரு ஜோடி காங்கேயம் பிடிச்சோம்" என்பார்கள். ஊரையா பிடித்துக்கொண்டு வந்தார்கள்? கேட்பவர் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. கோழிக்கோட்டுத் துணி இங்கிலாந்து போய் 'காலிகோ' ஆனதும் இப்படித்தான். கோழிக்கோட்டை வெள்ளைக்காரர்கள் காலிகட் என்பார்கள்.

ஆங்கிலத்தில் 'ஜெர்சி' முதலில் அந்தக் கம்பளி நூலைக் குறித்தது. அது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அப்புறம் மாலுமிகளும் மீனவர்களும் போட்டுக்கொண்ட உடம்பை ஒட்டிய பின்னல் சட்டை ஜெர்சி ஆயிற்று. அதைப் போலவே பின்னிய துணி எல்லாமே ஜெர்சி ஆயிற்று. மாட்டுக்கு அந்தப் பெயர் நிலைத்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை அந்தப் பக்கத்துத் தீவு மாடு எதுவாக இருந்தாலும் இங்கிலாந்துக்காரர்கள் 'ஆல்டர்னி' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே வயதுப்படி பார்த்தால் துணி அண்ணன், மாடு தம்பி.

"தம்பி இல்லீங் மாமா, தங்கச்சி" என்று திருத்தினான் பையன். சரிதான்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி என்ற மாநிலம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். அதுவும் இந்தத் தீவின் பெயர்தான். ஜெர்சித் தீவுக்காரரான ஜார்ஜ் கார்ட்டரெட் என்பவருக்கு 1664-இல் அந்த நிலத்தில் பங்கு கிடைத்தது. சொந்த ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள். கிரிக்கெட் வீரர்கள் போடும் ஜெர்சியும் அந்த மாலுமிச் சட்டையின் பேரப்பிள்ளை. அதில் இப்போது கம்பளியும் இல்லை, பருத்தியும் இல்லை, பாலியெஸ்டர். பெயர் மட்டும் தீவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மறுநாள் பையனை ஒரு நிட்டிங் யூனிட்டுக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே பஞ்சு வாசனை. உள்ளே ஆள் உயரத்துக்கு மேலே வட்ட வட்டமாக இயந்திரங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கூம்பு கூம்பாக நூல்கண்டுகள். நடுவே ஓர் உருளை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடியிலிருந்து துணி குழாய்போல இறங்கி வந்து தானே சுருண்டுகொள்கிறது. அந்தச் சுருள்தான் ரோல். மாட்டைச் சுருட்டும் மர்மம் அங்கே தீர்ந்தது.

ஆனால் இதைவிடப் பெரிய மர்மம் ஒன்று இருக்கிறது. பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறியில் காடாத் துணி நெய்கிறார்கள். அதுவும் பருத்தி நூல், இதுவும் பருத்தி நூல். காடாத் துணியை இழுத்தால் நீளாது. பனியன் துணியை இழுத்தால் இவ்வளவு நீளுகிறது, விட்டால் திரும்பி வருகிறது. ரப்பர் ஏதும் கலக்காத பனியனும் நீளத்தான் செய்கிறது. நூல் ஒன்றேயானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

பின்னிய விதத்திலிருந்து. வீட்டில் நாடாக் கட்டில் இருந்தால் பாருங்கள். நீளவாக்கில் கொஞ்சம் நாடா, குறுக்குவாக்கில் கொஞ்சம் நாடா, மேலே ஒன்று கீழே ஒன்றாக மாறி மாறிப் போகும். தறித்துணியும் அதேதான். நீளவாக்கு நூல் பாவு, குறுக்கு நூல் ஊடை. இரண்டும் ஏறக்குறைய நேராகக் கிடக்கின்றன. நேராகக் கிடக்கும் நூலை இழுத்தால் எங்கே நீள்வது?

பனியன் துணியில் எந்த நூலும் நேராக இல்லை. மார்கழியில் வாசலில் போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கோடு வளைந்து வளைந்து புள்ளிகளைச் சுற்றிக்கொண்டே போகும். அப்படி ஒரே நூல் வளைந்து கண்ணி கண்ணியாகப் போகிறது. கம்பெனியில் லூப் என்பார்கள். மேல் வரிசைக் கண்ணி ஒவ்வொன்றும் கீழ் வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து தலையை நீட்டிக்கொண்டிருக்கும். முடிச்சு என்று எங்கேயும் கிடையாது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. அதனால்தான் ஓரிடத்தில் நூல் அறுந்தால் அதற்கு நேர் மேலும் கீழும் கண்ணிகள் ஒவ்வொன்றாக நழுவி ஏணிபோல ஓட்டை ஓடிவிடுகிறது.

ஒரு முழம் நூலை எடுத்து இரண்டு முனையையும் முடிந்து வளையமாக்குங்கள். மேசையில் வட்டமாக வையுங்கள். இப்போது இரண்டு பக்கமும் விரலை விட்டு இழுங்கள். வட்டம் ஒடுங்கி நீளமாகிவிடும். நூல் ஒரு துளியும் நீளவில்லை. உருவம்தான் மாறியது. பனியனில் நடப்பது இதுவே, லட்சக்கணக்கான தடவை. சந்தேகமிருந்தால் பழைய பனியன் ஒன்றில் பேனாவால் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்து, அகலவாக்கில் ஒருவர் இழுத்துப் பிடிக்க இன்னொருவர் ஸ்கேலால் அளந்து பாருங்கள். அகலம் கூடியிருக்கும். உயரம் குறைந்திருக்கும். பக்கவாட்டில் நீண்டதெல்லாம் மேலும் கீழும் இருந்து கடன் வாங்கியது.

(பள்ளிக்கூடம் போட்டுக்கொண்டு போகும் பனியனில் வரைந்துவிட்டு என் பெயரைச் சொல்ல வேண்டாம்.)

கையால் பின்னும்போது இரண்டு நீள ஊசி போதும். இயந்திரத்தில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் ஊசி வேண்டும். அந்த இயந்திரத்தின் தகட்டைப் பையன் படித்தான்: 30 டயா, 24 கேஜ். டயா என்றால் உருளையின் விட்டம், அங்குலத்தில். கேஜ் என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசி என்ற கணக்கு. ஆறாம் வகுப்புக்கு இது போதும். விட்டம் 30, சுற்றளவு 30-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 94.2 அங்குலம், அதை 24-ஆல் பெருக்கினால் சுமார் 2,260. அந்த உருளையைச் சுற்றி 2,260 ஊசிகள் வரிசை கட்டி நின்றன. பையன் தரையில் விரலால் எழுதிப் பெருக்கிப் பார்த்துவிட்டு இயந்திரத்தை ஒரு மரியாதையோடு பார்த்தான்.

அந்த ஊசியைத் தனியாக ஒன்று கையில் வாங்கிப் பார்த்தோம். மேல் முனை தூண்டில்போல வளைந்த கொக்கி. கொக்கிக்குக் கொஞ்சம் கீழே நாக்குபோலக் குட்டியாக ஒரு தகடு, மேலும் கீழும் ஆடுகிறது. இந்த நாக்கில்தான் சூட்சுமம். ஊசி மேலே ஏறும்போது, ஏற்கெனவே கொக்கியில் மாட்டியிருந்த பழைய கண்ணி நாக்கைக் கீழே தள்ளித் திறந்துவிட்டு நாக்குக்கு அடியில் இறங்கிவிடுகிறது. கொக்கி இப்போது காலி. அதில் புது நூல் வந்து விழுகிறது. ஊசி கீழே இறங்கும்போது பழைய கண்ணி நாக்கை மேலே தள்ளி மூடிவிடுகிறது. கொக்கியின் வாய் அடைபட்டதால் பழைய கண்ணி உள்ளே சிக்க வழியில்லை. தலைக்கு மேலே வழுக்கி வெளியே போகிறது. உள்ளே இருந்த புது நூல் பழைய கண்ணியின் நடுவே இழுபட்டுப் புதுக் கண்ணியாகிறது. கதவைத் திறப்பதும் பழைய கண்ணி, மூடுவதும் அதே பழைய கண்ணி. அந்தக் கதவுக்கென்று தனியாகக் காவல்காரர் தேவையில்லை! 1840-களின் கடைசியில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் மேத்யூ டவுன்செண்ட் என்பவர் யோசித்துக் கண்டுபிடித்தது இந்த நாக்கு ஊசி. இன்றைக்கும் அதே யோசனைதான் திருப்பூரில் ஓடுகிறது.

ஊசிகளை ஏற்றி இறக்குவது யார்? ஒவ்வோர் ஊசிக்கும் கீழே ஒரு குமிழ். உருளையைச் சுற்றி மேடும் பள்ளமுமாக ஒரு தடம் அசையாமல் இருக்கிறது. உருளை சுற்றும்போது ஊசியின் குமிழ் அந்தத் தடத்தில் ஓடி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. திருவிழாவில் குதிரை ராட்டினம் சுற்றும்போது குதிரைகள் ஏறி இறங்குமே, பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும்.

இந்த இயந்திரத்தில் 90 இடங்களில் நூல் உள்ளே போகிறது. அப்படியானால் உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் 90 வரிசை பின்னியாகிவிட்டது. 2,260-ஐ 90-ஆல் பெருக்குங்கள். இரண்டு லட்சத்துக்கும் மேலே கண்ணிகள், ஒரே சுற்றில். கையால் பின்னுவதில் கெட்டிக்காரர் ஒருவர் நிமிடத்துக்கு நூறு கண்ணியைத் தொட்டால் அதுவே பெரிய சாதனை. பின்னல் இயந்திரத்தை முதன்முதலில் செய்தவர் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயப் பாதிரியார், 1589-இல். எலிசபெத் ராணியிடம் கொண்டுபோய்க் காட்டினார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டு ராணி உரிமம் தர மறுத்துவிட்டாராம். ராணி சொன்னதாக வழங்கும் கதை இது. அந்தக் கேள்வி மட்டும் இன்றைக்கும் பழசாகவில்லை.

போனில் கேட்ட அந்தச் சுருளல் விவகாரத்துக்கு வருவோம். 'சிங்கிள் ஜெர்சி' என்பது ஒரே ஒரு வரிசை ஊசிகளால் பின்னிய துணி. கண்ணிகள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பனியனின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள்: 'வி' எழுத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல இருக்கும். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: 'வி' இருக்காது, அரைவட்டம் அரைவட்டமாகத் தெரியும். ஒரே துணிக்கு இரண்டு முகம்.

தென்னை ஈர்க்கு ஒன்றை வளைத்துப் பிடித்தால் என்ன செய்யும்? நிமிரப் பார்க்கும். வளைந்த நூலும் அப்படியே. துணியின் நடுவில் இருக்கும் கண்ணிகளை அக்கம்பக்கத்துக் கண்ணிகள் பிடித்து அமுக்கி வைத்திருக்கின்றன. ஓரத்தில் இருப்பவற்றுக்கு ஒரு பக்கம் பிடிக்க ஆளில்லை. எல்லாக் கண்ணியும் ஒரே பக்கமாக நிமிர முயல்வதால் ஓரமே சுருண்டுவிடுகிறது. அதிலும் ஒரு வேடிக்கை. மேல் ஓரமும் கீழ் ஓரமும் வெளிமுகத்தை நோக்கிச் சுருளும். இடது வலது ஓரங்கள் உள்முகத்தை நோக்கிச் சுருளும். கட்டிங் மேசையில் அடுக்கடுக்காகத் துணியைப் பரப்பி வெட்டும்போது அத்தனை ஓரமும் இப்படி எழுந்து நின்றால் கட்டிங் மாஸ்டருக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும்?

பனியன் கழுத்தைப் பாருங்கள், அங்கே சுருளவில்லை. அது 'ரிப்'. ரிப் பின்னும் இயந்திரத்தில் இரண்டு வரிசை ஊசிகள். ஒரு கண்ணி முன்பக்கம் இழுபட்டால் அடுத்தது பின்பக்கம். இந்தப் பக்கம் நிமிரப் பார்ப்பவரும் அந்தப் பக்கம் நிமிரப் பார்ப்பவரும் சமமாக இருப்பதால் கயிறு இழுக்கும் போட்டி டிராவில் முடிந்துவிடுகிறது. தலை நுழையும்போது நன்றாக விரிந்து கொடுப்பதும் ரிப்தான்.

பனியன் வேஸ்ட் கிடைத்தால் (திருப்பூரில் அது கிடைக்காத தெரு எது?) சிங்கிள் ஜெர்சித் துண்டு ஒன்றை அகலவாக்கில் இரண்டு விரல் பட்டையாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஒரே இழு இழுங்கள். பட்டை சரசரவென்று உருண்டு கயிறாகிவிடும். மிதியடி பின்னுகிறவர்கள் செய்வது இதுதான். எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் மிதியடிக்குப் பின்னாலும் இந்த ஈர்க்குக் கணக்கு இருக்கிறது.

இனி மாட்டுக்குப் போவோம். தங்கச்சி கோபித்துக்கொள்ளப் போகிறாள்.

அம்மாயி வீட்டு மாடு பழுப்பு நிறம். மூக்கு கறுப்பு, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். கண் பெரிது. பக்கத்துக் கொறங்காட்டில் மேயும் காங்கேயத்தோடு ஒப்பிட்டால் முதலில் கண்ணில் படும் வித்தியாசம் திமில். காங்கேயத்துக்கு நன்றாக எழும்பிய திமில் உண்டு. சுத்தமான ஜெர்சிக்குத் திமிலே கிடையாது. நம் மாடும் ஐரோப்பிய மாடும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனி இடங்களில் மனிதரோடு பழகிய இரண்டு கிளைகள். தொங்கும் அலைதாடி, தளர்ந்த தோல், வெயிலைத் தாங்கும் உடம்பு எல்லாம் நம் கிளைக்கு. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்து, ஆறு மாதத்தில் சாம்பலும் வெள்ளையுமாக மாறும். கொழுக்கட்டைப் புல் இருந்தால் போதும், வறட்சியிலும் நிற்கும், வண்டி இழுக்கும். பால் மட்டும் இரண்டு மூன்று லிட்டர். ஜெர்சி நேர்மாறு. உருவம் சின்னது, பால் நிறைய. அந்தப் பாலில் கொழுப்பு சுமார் 5 சதவீதம். அதனால்தான் தமிழ்நாட்டுச் சமவெளியில் சினை ஊசி மூலம் ஜெர்சிக் கலப்பைப் பரப்பினார்கள். ஊட்டிபோன்ற குளிர்ந்த மலைகளுக்குக் கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் இனத்தை விட்டார்கள். நம் வீட்டு 'ஜெர்சி' பெரும்பாலும் கலப்புதான், தீவுக்காரி அல்ல. கொஞ்சம் திமில் மேடு தட்டியிருந்தால் அது பாட்டி வழிச் சொத்து.

ஜெர்சி வெண்ணெய் மஞ்சளாக இருப்பதும், எருமை வெண்ணெய் வெள்ளை வெளேரென்று இருப்பதும் ஏன்? பச்சைப் புல்லில் கரோட்டின் என்ற மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது. எருமை அதை உடம்பிலேயே நிறமில்லாத வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுகிறது. ஜெர்சி கொஞ்சத்தை மாற்றாமல் அப்படியே பாலில் விட்டுவிடுகிறது.

தீவு மாடு தனி இனமாக நின்றதற்கும் ஒரு சட்டம்தான் காரணம். பிரான்சிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து, ஜெர்சி மாடு என்று சொல்லி இங்கிலாந்தில் விற்கும் தில்லுமுல்லு நடந்தது. ஒரு கம்பெனி பனியனில் இன்னொரு கம்பெனி லேபிளைத் தைத்து விற்பதுபோல. 1789-இல் தீவுக்காரர்கள் கடுமையாகத் தடை போட்டார்கள்: வெளி மாடு தீவுக்குள் வரக் கூடாது. அந்தத் தடை 2008 வரை நின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வெளி ரத்தம் கலக்காமல் போனதால் நிறமும் கொழுத்த பாலும் தலைமுறை தலைமுறையாக அப்படியே கெட்டிப்பட்டுவிட்டன. ஒரு சட்டம் பின்னலை நிறுத்தப் போட்டது, தோற்றுப்போனது. இன்னொன்று மாட்டைக் காக்கப் போட்டது, ஜெயித்தது. தீவின் பெயரை உலகத்துக்கு எடுத்துப்போனது என்னவோ பின்னல், மாடு இரண்டும்தான்.

பக்கத்துத் தீவு கெர்ன்சியைச் சொன்னேனே. அதன் பெயரிலும் ஒரு மாடு உண்டு, மீனவர் போடும் ஒரு பின்னல் சட்டையும் உண்டு. இரட்டைத் தீவுகள், இரட்டைப் பொருள்கள். அந்தச் சட்டையின் பெயர் கப்பலேறி வங்காளத்துக்கு வந்தது. இந்தியாவில் பின்னல் தொழில் முதலில் வேர் பிடித்தது கல்கத்தாவில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அங்கே உள்ளே போடும் பின்னல் சட்டைக்குக் கெர்ன்சி என்ற பெயர் ஒட்டிக்கொண்டு 'கெஞ்சி' ஆனது. 'காந்தி' என்னும்போது வரும் முதல் ஒலியோடு இதைச் சொல்ல வேண்டும். இந்திக்காரர்கள் வாயில் அது 'கஞ்சி'. திருப்பூரில் 1925-இல் குலாம் காதர் என்பவர் தொடங்கியதுதான் முதல் பனியன் கம்பெனி என்பார்கள். கையால் சுற்றும் அந்த இயந்திரங்களும் கல்கத்தாவிலிருந்து வந்தவைதான். இயந்திரம் வந்தது, பெயர் வரவில்லை. நமக்குப் 'பனியன்' என்ற சொல் போதுமென்றாகிவிட்டது.

அந்தச் சொல்லுக்கும் தனிக் கதை உண்டு. குஜராத்தி வியாபாரிகளை அவர்கள் மொழியில் 'வாணியோ' என்பார்கள். நம் 'வணிகர்' அதற்கு உறவு. போர்ச்சுகீசியர் வாயில் அது 'பனியன்' ஆயிற்று, ஆங்கிலேயர் அதை வாங்கிக்கொண்டார்கள். முதலில் வியாபாரி, பிறகு அவர் போட்ட தொளதொள அங்கி, பிறகு உள்சட்டை. அந்த வியாபாரிகள் பாரசீகக் கடற்கரையில் ஒரு பெரிய மரத்தடியில் கூடுவார்களாம். அந்த மரத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். என்ன மரம் என்று ஆங்கில அகராதியில் நீங்களே பாருங்கள். விழுதுள்ள மரம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நிட்டிங் யூனிட்டை விட்டுக் கிளம்பும்போது, இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் பையன் போய் நின்றான். அவர் பீகாரிலிருந்து வந்து சில வருஷமாகிறது. தமிழ் நன்றாகவே பேசுகிறார். பையன் தன் பனியனின் கழுத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

"அண்ணா, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருங்ணா?"

"கஞ்சி" என்றார் அவர்.

பையன் என்னைப் பார்த்தான். நான் கதையைச் சொல்லியிருந்தும் நேரில் கேட்டதும் அவனால் தாங்க முடியவில்லை.

"மாமா, கஞ்சியை இவங்க போட்டுக்குவாங்களாமா!"

அவர் விஷயம் புரிந்து சிரித்தார். "நீங்க மட்டும் என்ன, சட்டைக்குக் கஞ்சி போடறீங்கல்ல?"